பட்டயம், பி.எட்., டெட், டி.ஆர்.பி.: எந்த வகுப்புக்கு எந்தத் தகுதி?

தமிழ்நாட்டில் ‘ஆசிரியர் உரிமம்’ என்ற பெயரில் தனியாக ஒரு சான்று கிடையாது. வண்டி ஓட்ட லைசென்ஸ் வாங்குவதுபோல ஒரே இடத்தில் முடிகிற வேலை இல்லை இது. முதலில் ஆசிரியர் பயிற்சி: பட்டயமோ பி.எட். பட்டமோ. அடுத்து ஆசிரியர் தகுதித் தேர்வு, எல்லாரும் டெட் என்று சொல்வது. அதற்கும் பிறகு, அரசுப் பள்ளியில் பணியிடம் வேண்டுமென்றால் ஆசிரியர் தேர்வு வாரியம், அதாவது டி.ஆர்.பி., நடத்தும் போட்டித் தேர்வு. இந்த மூன்றையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்வதால்தான் பலருக்கு இரண்டு வருடம், மூன்று வருடம் வீணாகிறது. பி.எட். முடித்தாலே வேலைக்குத் தகுதி என்று ஒருவர் நினைக்கிறார். டெட் பாஸ் ஆனாலே பணி ஆணை வந்துவிடும் என்று இன்னொருவர் காத்திருக்கிறார். இரண்டு எண்ணமும் தவறு.

எந்தக் கல்லூரியில் சேரலாம் என்று யோசிக்கும் முன், எந்த வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தப் போகிறோம் என்பதை முடிவு செய்யுங்கள். படிப்பும் தேர்வும் பதவிப் பெயரும் சம்பள விகிதமும் அதைப் பொறுத்தே அமைகின்றன.

மூன்று தளங்கள்

ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை நடத்துபவர் இடைநிலை ஆசிரியர். பெயரில் ‘இடைநிலை’ என்று இருப்பதால் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் என்று புதியவர்கள் நினைத்துவிடுவார்கள். இவர் தொடக்கப் பள்ளி ஆசிரியர்தான். பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் இரண்டு ஆண்டு தொடக்கக் கல்விப் பட்டயம், அதோடு டெட் முதல் தாள். இந்தப் பட்டயத்தை டி.எல்.எட். என்கிறோம், பழைய ஆட்கள் இன்னும் டி.டி.எட். என்றோ வெறுமனே டீச்சர் டிரெய்னிங் என்றோ சொல்வார்கள். மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்களிலும் அங்கீகாரம் பெற்ற தனியார் நிறுவனங்களிலும் படிக்கலாம்.

ஆறு முதல் பத்து வரை பட்டதாரி ஆசிரியர், பேச்சு வழக்கில் பி.டி. அசிஸ்டெண்ட். தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல் பாடங்கள், வரலாறு, புவியியல் என ஏதாவதொன்றில் இளநிலைப் பட்டம், இரண்டு ஆண்டு பி.எட்., டெட் இரண்டாம் தாள் ஆகியவை வேண்டும்.

பதினொன்று, பன்னிரண்டுக்கு முதுகலை ஆசிரியர். முதுகலைப் பட்டமும் பி.எட்.டும் வேண்டும்; டெட் தேவையில்லை. காரணம் எளிது. டெட் என்ற ஏற்பாடே கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-லிருந்து வந்தது. அந்தச் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்கானது, அதாவது எட்டாம் வகுப்போடு அதன் எல்லை முடிகிறது. சட்டத்தின் 23-ஆம் பிரிவு ஆசிரியர்களுக்குக் குறைந்தபட்சத் தகுதியை வகுக்கச் சொன்னது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2010 ஆகஸ்ட் 23 அன்று வெளியிட்ட அறிவிக்கையில் அந்தத் தகுதிகளை வரையறுத்து, டெட் தேர்ச்சியையும் சேர்த்தது. நாட்டிலுள்ள எல்லா மாநில டெட்டுக்கும் அடிப்படை அதுதான்.

பி.எட். இருந்தால் ஐந்தாம் வகுப்புக்கும் போகலாமா?

போக முடியாது. இந்த ஒரு கேள்விக்குச் சரியான விடை தெரியாமல் இன்றும் பலர் விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். 2018 ஜூன் 28-இல் வந்த ஓர் அறிவிக்கை, பி.எட். படித்தவர்களும் தொடக்க வகுப்புகளுக்கு வரலாம், பணியில் சேர்ந்த இரண்டு ஆண்டுக்குள் ஆறு மாத இணைப்புப் பயிற்சி முடித்தால் போதும் என்றது. அது செல்லாது என்ற உயர் நீதிமன்ற முடிவை 2023 ஆகஸ்ட் 11-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஆறு வயதுக் குழந்தைக்கு எழுத்தும் எண்ணும் கற்றுத்தரும் முறை வேறு, பத்தாம் வகுப்பு மாணவருக்கு இயற்பியல் நடத்தும் முறை வேறு. தொடக்க வகுப்புக்கென்றே வடிவமைத்த பயிற்சி பட்டயத்தில்தான் இருக்கிறது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். படிப்பில் பி.எட். பெரியதுதானே, சின்ன வகுப்புக்குப் போதாதா என்று கேட்பவர்கள், ஆறு வயதுப் பிள்ளைகள் நாற்பது பேர் உள்ள ஒரு வகுப்பில் அரை மணி நேரம் நின்று பார்த்தால் நீதிமன்றம் சொன்னது விளங்கும்.

மாண்டிசோரி, மழலையர் பயிற்சிச் சான்றிதழ்களும் அப்படியே. எல்.கே.ஜி., யு.கே.ஜி.யில் அவற்றுக்கு மதிப்பு உண்டு. முதல் வகுப்புக்கு வந்ததும் டி.எல்.எட். கேட்பார்கள்.

பி.எட். சேரும்போது பார்க்க வேண்டியவை

2015 முதல் பி.எட். இரண்டு ஆண்டுப் படிப்பு. அதில் பள்ளிக்கூட அனுபவம் மொத்தம் 20 வாரம்: முதல் ஆண்டில் 4, இரண்டாம் ஆண்டில் 16. தமிழ்நாட்டுக் கல்லூரிகள் 2008-இல் தொடங்கிய தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. இளநிலைப் பட்டத்தில் பொதுப்பிரிவினருக்கு 50 விழுக்காடு, பிற்படுத்தப்பட்டோருக்கு 45, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 43, பட்டியல் வகுப்பினருக்கும் பழங்குடியினருக்கும் 40 என்று தமிழ்நாட்டுச் சேர்க்கையில் வைத்திருக்கிறார்கள்.

கவனம் வேண்டிய இடம் கல்லூரியின் அங்கீகாரம். பல்கலைக்கழக இணைப்பு மட்டும் போதாது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகாரமும் நீங்கள் சேரும் ஆண்டில் நடப்பில் இருக்க வேண்டும். சேர்க்கைக் கட்டணம் கட்டும் முன் குழுமத்தின் இணையதளத்தில் கல்லூரிப் பெயரைத் தேடிப் பாருங்கள். ‘வகுப்புக்கு வர வேண்டாம், தேர்வுக்கு வந்தால் போதும்’ என்று சொல்லும் வெளிமாநிலக் கல்லூரிகளின் ஏஜெண்டுகளிடம் பணம் கொடுக்காதீர்கள். சான்றிதழ் சரிபார்ப்பில் வருகைப் பதிவும் பயிற்சிப் பள்ளி விவரமும் கேள்வியாகும்போது அந்த ஏஜெண்ட் பக்கத்தில் இருக்க மாட்டார்.

தொலைநிலைக் கல்வியில் பி.எட். எல்லாருக்கும் திறந்த கதவல்ல. ஏற்கெனவே டி.எல்.எட். போன்ற பயிற்சியை நேரடியாகப் படித்தவருக்கோ, பயிற்சி பெற்றுத் தொடக்கப் பள்ளியில் பணியாற்றுபவருக்கோதான் அது. வெறும் பி.எஸ்சி. முடித்தவர் அதில் சேர முடியாது.

ப்ளஸ் டூ முடித்தவுடனேயே ஆசிரியர் ஆவது என்று உறுதியாக இருப்பவருக்கு, பட்டமும் பி.எட்.டும் சேர்ந்த நான்காண்டு ஒருங்கிணைந்த படிப்பும் இருக்கிறது. 2020 தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து 2023-24 முதல் சில நிறுவனங்களில் நடக்கிறது. தனித்தனியாகப் படித்தால் ஆகும் ஐந்து ஆண்டில் ஓர் ஆண்டு மிச்சம்.

டெட்: 150 கேள்வி, 90 மதிப்பெண்

இரண்டு தாளிலும் 150 கொள்குறி வினாக்கள், கேள்விக்கு ஒரு மதிப்பெண். தவறான விடைக்கு மதிப்பெண் குறையாது. எந்தக் கேள்வியையும் வெறுமனே விடாதீர்கள்.

முதல் தாளில் குழந்தை மேம்பாடும் கற்பித்தல் முறையும் (சுருக்கமாக உளவியல்) 30, தமிழ் அல்லது நீங்கள் தேர்ந்த மொழி 30, ஆங்கிலம் 30, கணிதம் 30, சூழ்நிலையியல் 30. இரண்டாம் தாளில் முதல் மூன்றும் அப்படியே 30, 30, 30. மிச்சம் 60 மதிப்பெண்ணுக்குக் கணிதம்-அறிவியல் அல்லது சமூக அறிவியல். கணித, அறிவியல் ஆசிரியராக வருபவர் முதலாவதைத்தான் எழுத வேண்டும். சமூக அறிவியலுக்கு வருபவர் இரண்டாவதை. தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் இரண்டில் எதையும் எடுக்கலாம். பி.லிட். படித்துவிட்டு வருபவருக்கு இது அதிர்ச்சியாக இருக்கும்: தொல்காப்பியம் எவ்வளவு தெரிந்தாலும் தமிழுக்கு 30 மதிப்பெண்தான், அறுபது மதிப்பெண் எட்டாம் வகுப்புச் சமூக அறிவியலிலிருந்தோ கணிதம்-அறிவியலிலிருந்தோ வரும். பெரும்பாலான தமிழாசிரியர்கள் சமூக அறிவியலை எடுப்பதற்குக் காரணம் இதுதான்.

பொதுப்பிரிவுக்குத் தேர்ச்சி 60 விழுக்காடு, 150-க்கு 90. இந்த எண்ணைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். உளவியல், மொழி, ஆங்கிலம் மூன்றும் சேர்ந்தாலே 90 மதிப்பெண். இந்த மூன்றிலும் தலா 24 எடுத்தால் 72 வந்துவிடும். மீதி 60-இல் 18 எடுத்தால் தேர்ச்சி. ஆனால் நம் ஆட்கள் செய்வது என்ன? தெரிந்த கணக்கையே திரும்பத் திரும்பப் போட்டுவிட்டு, ஆங்கிலத்தையும் உளவியலையும் கடைசி வாரத்துக்குத் தள்ளுகிறார்கள். பாடத்தில் 45 எடுத்தும் மொத்தத்தில் 84-இல் நின்றுவிடுவது இப்படித்தான். இடஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு 2014-இல் 5 விழுக்காடு தளர்வு தந்து 82 மதிப்பெண் என்று ஆக்கினார்கள். தளர்வு அரசாணையால் மாறுவது. நீங்கள் எழுதப்போகும் தேர்வின் அறிவிக்கையில் உள்ள எண்ணே உங்களுக்குச் செல்லும்.

உளவியல் கேள்வி எப்படி வரும் என்பதற்கு ஒரு மாதிரி. ஆசிரியர் ஒருவர் அகலமான கிண்ணத்திலிருந்த தண்ணீரை, குழந்தையின் கண்முன்னே ஓர் ஒல்லியான உயரமான டம்ளரில் ஊற்றுகிறார். ‘இப்போதுதான் தண்ணீர் அதிகம்’ என்கிறது ஐந்து வயதுக் குழந்தை. இந்தக் குழந்தைக்கு இன்னும் கைவராத திறன் எது? அளவு மாறாமை பற்றிய அறிவு என்பது விடை. உளவியலாளர் பியாஜேயின் பகுப்பில் இரண்டு முதல் ஏழு வயது வரை இருக்கும் செயலுக்கு முற்பட்ட நிலையின் அடையாளம் இது. பியாஜே, வைகாட்ஸ்கி, கோல்பர்க் என்று பெயர்களையும் நிலைகளையும் மனப்பாடம் செய்தவருக்கு இந்தக் கேள்வியில் கால் இடறும். பெயர் கேள்வியில் வரவே வராது. வீட்டில் ஒரு குழந்தையை வைத்து டம்ளரில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தவருக்கு மறக்காது.

நேரம் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டின் முதல் டெட் 2012 ஜூலை 12-இல் நடந்தபோது 150 கேள்விக்கு ஒன்றரை மணி நேரம்தான் தந்தார்கள். எழுதிய ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோரில் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. அதே அக்டோபரில் மூன்று மணி நேரமாக்கி மறுபடி நடத்தினார்கள். பின்னர் 2013, 2017, 2019 என்று இடைவெளி நீண்டுகொண்டே போய், 2022 அறிவிப்பின் இரண்டாம் தாள் 2023 பிப்ரவரியில்தான் முடிந்தது. அடுத்தது 2025 நவம்பரில். ஆண்டுக்கு ஒருமுறையாவது நடத்த வேண்டும் என்பது தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் வழிகாட்டுதல். படித்து முடித்துக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு இந்த இடைவெளிகள் பெரிய அநீதி. ஆகவே அறிவிப்பு வரும்போது ‘அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம்’ என்று மட்டும் விடாதீர்கள்.

ஒரு நல்ல செய்தி. முன்பு டெட் சான்றிதழ் ஏழு ஆண்டுக்குத்தான் செல்லும். 2021 ஜூனில் ஒன்றிய அரசு அதை ஆயுள் முழுக்கச் செல்லும் என்று அறிவித்தது. 2011 முதல் தேர்ச்சி பெற்றவர்களுக்கும் சேர்த்து.

சிடெட்டும் மாநில டெட்டும்

சிடெட் என்பது சி.பி.எஸ்.இ. நடத்தும் மத்திய தகுதித் தேர்வு. கேந்திரிய வித்யாலயா, நவோதயா போன்ற ஒன்றிய அரசுப் பள்ளிகளுக்கு அது வேண்டும். தமிழ்நாட்டில் நவோதயா பள்ளி கிடையாது. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் உண்டு. வினாக்களின் எண்ணிக்கையும் பகுப்பும் மாநில டெட் போலவே. இரண்டரை மணி நேரம்.

வேறுபாடு மொழியில்தான். மொழித்தாளாகத் தமிழை எடுக்கலாம். ஆனால் கணிதம், சூழ்நிலையியல், உளவியல் கேள்விகள் இந்தியிலும் ஆங்கிலத்திலும்தான் இருக்கும். தமிழ்வழியில் படித்தவர் மாநில டெட்டுக்குத் தயாரான அதே நூல்களோடு இங்கே போனால், விடை தெரிந்தும் கேள்வி புரியாமல் திணறுவார். அதிலுள்ள கலைச்சொற்களை ஆங்கிலத்தில் ஒரு மாதமாவது பழக வேண்டும். தமிழக அரசுப் பள்ளியை மட்டும் குறிவைப்பவர் மாநில டெட்டைத்தான் எழுத வேண்டும். சிடெட்டைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பதில் பயனில்லை.

டெட்டுக்குப் பிறகு டி.ஆர்.பி.

2013 தேர்வு எழுதியவர்களுக்கு டெட் மதிப்பெண்ணும் கல்வித் தகுதி மதிப்பெண்களும் சேர்த்து ‘வெயிட்டேஜ்’ போட்டார்கள். 2018 ஜூலையில் வந்த அரசாணை 149 அதை நிறுத்தி, டெட் தேறியவர்களுக்குத் தனியாக ஒரு போட்டித் தேர்வு என்று மாற்றியது. அந்த முறையில் பட்டதாரி ஆசிரியர் தேர்வு 2024 பிப்ரவரி 4-லும், இடைநிலை ஆசிரியர் தேர்வு 2024 ஜூலை 21-லும் நடந்தன.

இதில் முதலில் தமிழ்த் தகுதித் தாள்: 30 கேள்வி, 50 மதிப்பெண். 20 எடுக்காவிட்டால் முதன்மைப் பாடத்தாளைத் திருத்தவே மாட்டார்கள். இங்கே எடுக்கும் மதிப்பெண் தரவரிசையில் சேராது என்பதால் சிலர் அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள், குறிப்பாகப் பள்ளியில் தமிழை விட்டு வேறு மொழி எடுத்தவர்கள். அடுத்தது 150 கேள்வி கொண்ட பாடத்தாள். பட்டதாரி ஆசிரியருக்கு இது கல்லூரி அளவிலான பாடம். எட்டாம் வகுப்பு வரை புரட்டிய டெட் தயாரிப்பு போதாது.

முதுகலை ஆசிரியருக்கும் அதே தமிழ்த் தாள் உண்டு. பாடத்தாளின் 150-இல் முதன்மைப் பாடம் 110, கல்வியியல் 30, பொது அறிவு 10.

சிறப்பாசிரியர்கள்

உடற்கல்வி, ஓவியம், இசை, தையல் ஆசிரியர்களுக்கு டெட் இல்லை. அவரவர் துறைப் பட்டமோ தொழிலாசிரியர் சான்றிதழோ கேட்பார்கள்.

மாற்றுத்திறன் மாணவர்களுக்கான சிறப்புக் கல்வி ஆசிரியர் மட்டும் தனி. உண்மையில் உரிமம் என்ற சொல்லுக்கு நெருக்கமாக வருவது இவருடைய பதிவுதான். சிறப்புக் கல்வியில் பட்டயமோ பி.எட்.டோ முடித்த பிறகு, 1992 சட்டத்தின்படி இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்து எண் வாங்க வேண்டும். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை, தொடர்கல்வி நிகழ்ச்சிகளில் கலந்துகொண்டு புள்ளிகள் சேர்த்துப் புதுப்பிக்க வேண்டும். பதிவில்லாமல் பணியாற்றினால் ஓராண்டு வரை சிறையும் ஆயிரம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. புதுப்பிக்கும் தேதியை மறந்தவர்கள் நேர்காணல் நாளில் திரும்பி வந்திருக்கிறார்கள். கைப்பேசியில் நினைவூட்டல் வைத்துக்கொள்ளுங்கள்.

தனியார் பள்ளியும் பணியில் இருப்பவர்களும்

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் தகுதி விதி தனியார் பள்ளிக்கும் உண்டு. நடைமுறையில் டெட் இல்லாமல் பலரைச் சேர்க்கிறார்கள், பிறகு அதையே காரணம் காட்டிச் சம்பளத்தைக் குறைக்கிறார்கள். தேர்ச்சிச் சான்று கையில் இருப்பது சம்பளம் பேசும்போது உங்களுக்குப் பலம்.

2025 செப்டம்பர் 1-இல் உச்ச நீதிமன்றம், ஓய்வுபெற ஐந்து ஆண்டுக்கு மேல் உள்ள பணியிலிருக்கும் ஆசிரியர்களும் இரண்டு ஆண்டுக்குள் டெட் தேற வேண்டும் என்றது. ஐந்து ஆண்டுக்குள் ஓய்வு பெறுபவர்கள் பணியில் தொடரலாம், பதவி உயர்வு வேண்டுமானால் டெட் வேண்டும். 20 ஆண்டு பாடம் நடத்தியவர்களுக்கு இது பெரும் சுமை. தமிழ்நாடு அரசு மறுஆய்வு கோரியது. புதிதாக வருபவருக்கு இதனால் எதுவும் மாறவில்லை.

சான்றிதழ் சரிபார்ப்பு மேசையில்

தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்தவர்களும் தோற்கும் இடம் இது. முதல் சிக்கல் படிப்பின் வரிசை. பத்து, பன்னிரண்டு, பட்டம் என்று ஒழுங்காக வந்திருக்க வேண்டும். ப்ளஸ் டூ படிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வாங்கிய பட்டத்தை ஏற்க மாட்டார்கள்.

இரண்டாவது, பட்டத்தின் பெயர். உயிர்வேதியியல் படித்தவர் வேதியியல் பணியிடத்துக்கு விண்ணப்பித்தால், இரண்டும் இணையானவை என்று சொல்லும் அரசாணை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பாடத்திட்டம் முக்கால்வாசி ஒன்றுதான் என்று வாதாடிப் பயனில்லை. பி.எட். சேரும் முன்பே உங்கள் பட்டத்துக்கு இணைத்தன்மை அரசாணை உண்டா என்று தேடுங்கள். முதுகலை ஆசிரியர் பணிக்கு இளநிலையும் முதுகலையும் ஒரே பாடத்திலோ இணையான பாடத்திலோ இருக்க வேண்டும், பி.எஸ்சி. கணிதம் படித்துவிட்டு எம்.ஏ. ஆங்கிலம் முடித்தவருக்கு அங்கே வழியில்லை.

மூன்றாவது, தேதி. கேட்கப்பட்ட தகுதி எல்லாம் அறிவிக்கை குறிப்பிடும் நாளுக்குள் முடிந்திருக்க வேண்டும். பி.எட். தேர்வு எழுதியாயிற்று, முடிவு அடுத்த வாரம் என்ற நிலை அங்கே எடுபடாது.

நான்காவது, பெயர். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ‘கு. செல்வி’ என்றும் பட்டத்தில் ‘செல்வி குமார்’ என்றும் இருந்தால் இரண்டும் ஒருவரே என்று நிரூபிக்க அலைய வேண்டிவரும். விண்ணப்பத்தில் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே, ஒரு புள்ளிகூட மாறாமல் நிரப்புங்கள்.

கடைசியாகத் தமிழ்வழிச் சான்று. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு முன்னுரிமை உண்டு. முதல் வகுப்பிலிருந்து பி.எட். அல்லது பட்டயம் வரை எல்லாக் கட்டத்துக்கும் அந்தந்தப் பள்ளியும் கல்லூரியும் உரிய படிவத்தில் கையொப்பமிட்டுத் தர வேண்டும். ஒரு கட்டத்துக்கு இல்லையென்றாலும் முன்னுரிமை போய்விடும். நீங்கள் படித்த தொடக்கப் பள்ளி இப்போது மூடப்பட்டிருந்தால், அதன் பதிவேடுகள் எந்தக் கல்வி அலுவலகத்தில் இருக்கின்றன என்று தேடிப்பிடிக்கவே வாரக் கணக்கில் ஆகும். அறிவிக்கை வந்த பிறகு ஓடினால் நாள் போதாது. பயிற்சியில் சேர்ந்த முதல் ஆண்டு விடுமுறையில் ஊருக்குப் போகும்போதே தலைமையாசிரியரைப் பார்த்து, முத்திரையோடு வாங்கி வைத்துவிடுங்கள்.